கரண்டிக்குச் சிவப்பு நூல்

குணவதி வீட்டுச் சாமான்களுக்கு நூல் கட்டியிருப்பதை முதலில் பார்த்தவள் பக்கத்து வீட்டு ஹாஜரா. பார்க்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம். சுங்கை பினாங் ஆற்றோரத்துப் பலகை வீட்டு வரிசையில் ஒன்பது வீடுகள். ஒன்பது அடுப்பிலும் அன்றைக்கு என்ன கொதிக்கிறது என்று மூடியைத் திறக்காமலே சொல்லக்கூடியவள் அவள். அன்று காலை கரண்டி இரவல் கேட்டு வந்தாள். அவள் வீட்டுச் சுவரில் சொந்தக் கரண்டி நாலு தொங்குகிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்குள் நுழைய அந்த நேரத்துக்கு வேறு காரணம் அகப்படவில்லை.

குணவதி எடுத்துக் கொடுத்த கரண்டியின் காம்பில் சிவப்பு நூல் மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. ஹாஜரா நிமிர்ந்து வீட்டைப் பார்த்தாள். வாளிப் பிடியில் வெள்ளை நூல். மேஜைக் காலில் நீலம். விளக்கில் சிவப்பு, கத்தியில் நீலம், ஜன்னல் கம்பியில் வெள்ளை. நடுவீட்டில் அந்த வெள்ளைக்காரப் பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்து, நாக்கை ஓரமாக வெளியே நீட்டிக்கொண்டு, துடைப்பத்துக்குச் சிவப்பு நூல் கட்டிக்கொண்டிருந்தது.

ஹாஜரா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்துவிட்டால் அதன் பிறகு கற்பனைக்கு என்ன இடம் இருக்கிறது? மத்தியானச் சோறு இறங்குவதற்குள் ஒன்பது வீட்டுக்கும் சேதி போய்விட்டது. பிள்ளையைப் பெற்றவன் திரும்பி வந்துவிடாதபடி குணவதி வீட்டைக் கட்டிவிட்டாளாம். மந்திரித்த நூலாம். மூன்று நிறத்திலாம்.

பிள்ளை வந்த கதை வரிசைக்கே தெரிந்ததுதான். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வருஷம் அது. ஜனங்களுக்குக் கஞ்சிக்கு வழியில்லை, ஆனால் டத்தோ கிராமட் திடலில் சர்க்கஸ் கூடாரத்தில் உட்கார இடமில்லை. குணவதி மார்க்கெட் தெருவில் சீனி முகம்மதுவின் தையல் கடைக்குக் காஜா எடுத்துக் கொடுக்கிறவள். புருஷன் சுமத்திராவில் டெலித் தோட்டத்துக்குப் போனவன் போனவன்தான். அங்கே இன்னொரு குடும்பம் என்றும், புலி அடித்துவிட்டது என்றும் வரிசையில் இரண்டு கட்சி இருந்தது. சர்க்கஸ்காரர்களின் உடுப்பில் உதிர்ந்த ஜிகினாவை வைத்துத் தைக்க ஆள் வேண்டும் என்று வந்தபோது சீனி முகம்மது அவளை அனுப்பிவைத்தார். அங்கேதான் ஹன்னாவைப் பார்த்தாள். ஓடுகிற குதிரையின் முதுகில் நின்றுகொண்டு வருகிறவள். கூடாரத்துக்குள் ராணி மாதிரி இருப்பாள்; வெளியே வந்தால் பிள்ளைக்கு மூக்கைச் சிந்திவிட்டு, கிழிந்த காலுறையைத் தானே தைத்துக்கொண்டு, நம்மைப் போலத்தான். அவள் புருஷன் பனாஸ் குதிரைகளைப் பழக்குகிறவன். ஊரெல்லாம் அவர்களை ருஷ்யாக்காரர்கள் என்றது. ஹன்னா அதைக் கேட்கும்போதெல்லாம் விரலை ஆட்டி, இல்லை, உக்ரைன் என்பாள். யாருக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது? தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் ருஷ்யாக்காரி என்பார்கள்.

ஆட்டம் முடிகிற வாரத்தில் ஹன்னாவுக்குக் காய்ச்சல் கண்டது. அடுத்த நாளே பிள்ளைக்கும். குணவதி ஜிகினா தைக்கப் போனவள் ஈரத்துணி பிழிந்து நெற்றியில் போட உட்கார்ந்துவிட்டாள். கடைசி நாள் ஹன்னா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் கிடந்த பிள்ளையைக் கண்ணால் காட்டி, ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஹொவொரி ஸ்நேயு. ஹொவொரி ஸ்நேயு. குணவதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரி சரி என்று தலையாட்டினாள். தண்ணீர் கேட்கிறாளோ என்று கொடுத்துப் பார்த்தாள். ஹன்னா குடிக்கவில்லை.

ஹன்னாவை வெஸ்டர்ன் ரோட்டுக் கல்லறையில் அடக்கம் செய்த மூன்றாம் நாள் கப்பல். குதிரைகளை விட்டுவிட்டுப் பனாஸால் நிற்க முடியாது, ஒப்பந்தம் அப்படி. காய்ச்சல் தணியாத பிள்ளையைக் கடலில் கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலரை வயசு மோத்ரியாவைத் தூக்கிக்கொண்டு அந்த நெடிய மனுஷன் குணவதி வீட்டு வாசலில் குனிந்து நுழைந்ததை ஒன்பது வீடும் பார்த்தது. கம்பனி இந்தப் பக்கம் திரும்பி வரும்போது வருவேன் என்று சைகையில் சொன்னான். அவன் போன பிறகு வரிசை கூடி ஒருமனதாக முடிவு செய்தது, வர மாட்டான். புருஷன் ஒருவன் திரும்பி வராத வீட்டில் இன்னொருத்தன் மட்டும் எப்படித் திரும்பி வருவான்?

பிள்ளை இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மாமா, மாமா என்று ஒரே அழுகை. எங்கேயோ ஒரு தாய்மாமன் இருக்கிறான் போல என்று ஹாஜரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் தம்பியைக் கூட்டிவந்து எதிரில் நிறுத்தியும் பார்த்தாள். பிள்ளை அவனைப் பார்த்து இன்னும் சத்தமாக அழுதது. மூன்றாம் நாள்தான் குணவதிக்குப் புரிந்தது, அது தாயைக் கூப்பிடுகிறது என்று. அன்றைக்கே, இந்தப் பாஷையில் நாலு வார்த்தையாவது பிடித்தால்தான் இது பிழைக்கும் என்று நினைத்தாள். பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பதை விட்டுவிட்டு இவள் போய் அதனிடம் படித்தாள் என்பதுதான் வரிசைக்குச் சிரிப்பு.

முதலில் பிடித்த வார்த்தை ஊசி. ஹோல்கா. என் ஊசி என்பதற்கு மொயா ஹோல்கா. சுலபமாகத்தான் இருந்தது. அந்தத் தைரியத்தில் மேஜையைத் தட்டி, மொயா ஸ்தில் என்றாள். பிள்ளை பெரிய மனுஷி மாதிரி நெற்றியில் அடித்துக்கொண்டது. அது மீய் ஸ்தில் என்று சொல்ல வேண்டுமாம். வாளிக்கு மொயேயாம். தன்னுடையது என்று சொல்வதற்கே சாமானுக்கு ஏற்றபடி வாயை மாற்ற வேண்டியிருந்தது. ஒரு மாதம் குழம்பிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அவர்களுக்கு வீட்டில் கிடக்கிற ஒவ்வொன்றும் அவன், அல்லது அவள், அல்லது அது. மேஜை அவன். கத்தி அவன், சாவி அவன், பெய்கிற மழை அவன். கரண்டி, விளக்கு, துடைப்பம், குடிக்கிற தண்ணீர் எல்லாம் அவள். வாளியும் ஜன்னலும் பாலும் அது. இவ்வளவு பெரிய கடல் வெறும் அதுவாம், துடைப்பம் அவளாம். கல்யாணம் பண்ணிவைத்த ஆம்பிள்ளையே வீட்டில் நிலைக்கவில்லை, மேஜை ஆம்பிள்ளையாக நின்று என்ன ஆகப்போகிறது என்று தைத்துக்கொண்டே சிரித்தாள். இருந்தாலும் அதன் பிறகு மேஜையின் மேல் கால் நீட்ட அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது என்பதும் உண்மை.

பிள்ளைக்குப் பொறுமை கிடையாது. இன்றைக்குச் சொன்னதை நாளைக்கு மாற்றிச் சொன்னால் கோபித்துக்கொண்டு சாப்பிடாது. கடைசியில் அதுவே வழி கண்டுபிடித்தது. தையல் பெட்டியிலிருந்த துண்டு நூல்களை எடுத்து, அவனுக்கு நீலம், அவளுக்குச் சிவப்பு, அதுவுக்கு வெள்ளை என்று வீடு முழுக்கக் கட்டிவிட்டது. மறந்தால் பார்த்துக்கொள். அவர்கள் ஊரில் இல்லாத சாமான்களுக்குப் பேரே இல்லை; அதற்கெல்லாம் மோத்ரியாதான் நீதிபதி. அம்மிக் கல்லை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து அவன் என்றது. தேங்காய் துருவி அவள். பெலாச்சான் என்கிற இறால் விழுது ஜாடியை முகர்ந்து பார்த்து, மூக்கைச் சுருக்கி, வெகுநேரம் யோசித்து, அதுவும் அவன் என்றது. ஏன் என்று கேட்கக் கூடாது. ஒரு நாள் குணவதி தன் கையை நீட்டி, இது என்ன என்றாள். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. கைக்கு எப்படி நூல் கட்டுவது? நடந்து போகிறதற்கெல்லாம் நூல் கட்டக் கூடாது என்றது. அதனால் கை, கால், கண், பல் எதற்கும் அவர்கள் போகவில்லை. சாமான்களோடு பாடம் நின்றுவிட்டது.

நூலின் பேர் வெளியே போனதும் ஹாஜரா ஒரு நாள் தனியாக வந்து, முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். அவள் வீட்டுக்காரர் சாயங்காலத்தில் ரோட்டு முனையில் ஒரு கோப்பிக்கடையில் அதிகநேரம் உட்காருகிறாராம். நூல் கட்டுவது வெறும் பாடம் என்று குணவதி எவ்வளவு சொல்லியும் அவள் நம்பவில்லை. தொழில் ரகசியத்தை யார்தான் வெளியே சொல்வார்கள்? மோத்ரியா அவர் குடையை வாங்கிப் பார்த்து, குடை அவள் என்று சிவப்பு நூல் கட்டிக் கொடுத்தது. கடையில் எல்லாரும் குடையைப் பார்த்துச் சிரித்ததில் மனுஷன் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அதோடு வரிசையில் நூலுக்கு இருந்த மதிப்பு ஸ்திரமாகிவிட்டது.

ஒரு வருஷம் ஆகியிருக்கும். மழை பெய்துகொண்டிருந்த ஒரு பகலில் மோத்ரியா துணியில் செய்த பொம்மையைக் குணவதியின் மடியில் கொண்டுவந்து போட்டது. தான் ஆற்றோரம் நண்டு பார்க்கப் போக வேண்டும், அதுவரை பொம்மை அழும். வாசலில் நின்று திரும்பி, விரலை ஆட்டி, ஹொவொரி ஸ்நேயு என்றது.

குணவதியின் ஊசி பாதித் துணியில் நின்றுவிட்டது. அவளோடு பேசு. அதுதான். தண்ணீர் இல்லை, வேறு ஒன்றும் இல்லை. என் பிள்ளையோடு பேசு என்று அன்றைக்கு ஒருத்தி கையைப் பிடித்துக் கேட்டதற்குத்தான் இவள் டம்ளரை நீட்டியிருக்கிறாள். அன்று அவள் எடுத்த காஜா எல்லாம் கோணல் என்று சீனி முகம்மது திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு பாடம் விளையாட்டாக இல்லை. வேலை செய்துகொண்டே, சமைத்துக்கொண்டே, பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டே அந்தப் பாஷையில் பேசிக்கொண்டிருந்தாள். தப்பும் தவறுமாகத்தான், ஒரு குதிரைக்காரி தன் பிள்ளைக்குச் சொன்ன வார்த்தைகளை அந்தப் பிள்ளை வாயிலிருந்தே பொறுக்கி எடுத்துப் பேசிக்கொண்டிருந்தாள். பிள்ளை வரிசைக்காரர்களோடு சுத்தமான சுங்கை பினாங் தமிழில் சண்டை போடும். குணவதியை அம்மா என்று கூப்பிடும். மாமா என்ற சொல்லை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் தனியாக வைத்திருந்தது.

இரண்டு வருஷமும் சில மாதங்களும் ஆன பிறகு ராமதாஸ் வந்தான். சர்க்கஸ் கம்பனிக்கு முன்னாலேயே ஊர் ஊராகப் போய் இடம் பிடித்து, விளம்பரம் ஒட்டுகிற ஆள், மதராஸ்காரன். சிங்கப்பூரில் ஆட்டம் நடக்கிறது, இன்னும் இரண்டரை மாதத்தில் இங்கே வருகிறோம் என்றான். ஹாஜரா வேலியை ஒட்டித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்; காய்ந்த துணி.

"பனாஸ் ஒண்ணு சொல்லச் சொன்னான்கா" என்றான் ராமதாஸ். "வந்து பாப்பானாம். புள்ள அவன் பாஷைய மறந்து, அவன யாருன்னு தெரியாம நின்னா, இங்கயே உட்டுட்டுப் போறதா இருக்கான். குதிர லாயத்துல பொட்டப் புள்ளய வெச்சி என்னா செய்யறது? பாஷ தெரியாத புள்ளைய இழுத்துட்டுப் போனா அதுக்கும் பாவம், எனக்கும் பாவம்னு அழுவறான்."

அவன் தெரு முனை திரும்புவதற்குள் வரிசை குணவதி வீட்டில் இருந்தது. அவர்களுக்கு இதில் இரண்டாவது யோசனையே இல்லை. பிள்ளை வரிசையின் பிள்ளை. ஹாஜரா வீட்டில் பசியாறி, கடைசி வீட்டு முத்தம்மை மடியில் தூங்கி வளர்ந்தது.

"நீ பொய் சொல்ல வேணாம் லா" என்றாள் ஹாஜரா. "யாரையும் ஏமாத்தவும் வேணாம். அந்தப் பாஷைல பேசாம இரு, அவ்வளோதான். சின்னப் புள்ள, ரெண்டு மாசத்துல கரைஞ்சிடும். மிச்சத்த அந்தக் கயிறு பாத்துக்கும்."

மறுநாள் காலையில் மோத்ரியா அந்தப் பாஷையில் என்னவோ கேட்டதற்குக் குணவதி தமிழில் பதில் சொன்னாள். ஒரு மனுஷி திருடியாவதற்கு அவ்வளவு நேரம்தான் ஆகிறது. பிள்ளை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது. இரண்டாம் நாள் கோபித்தது. நீ மறந்துபோனாயா என்று கேட்டது. ஆமாம் என்றாள். பாவம் என்று பிள்ளை அவள் தலையைத் தடவிக் கொடுத்தது. சில நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து பொம்மையோடு பேசிக்கொண்டிருந்தது. பிறகு பொம்மையோடும் தமிழ்தான்.

நூல்களைப் பார்க்கப் பார்க்கக் குணவதிக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது. ஒரு பகல் கத்தரிக்கோலை எடுத்து வாளியின் வெள்ளை நூலை வெட்டப் போனாள். ஹாஜரா எங்கிருந்துதான் வந்தாளோ, பாய்ந்து கையைப் பிடித்துவிட்டாள். புத்தி இருக்கிறதா, அவன் வருகிற நேரத்தில் கட்டை அவிழ்ப்பார்களா என்று வைதாள். கத்தரிக்கோலைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாள். குணவதி அன்றிலிருந்து பல்லால் நூலைக் கடித்துக் காஜா எடுத்தாள்.

கம்பனி வருவதற்குப் பத்து நாள் முன்னால் மோத்ரியா பெட்டியிலிருந்து சீப்பை எடுத்து வந்தது. ஹன்னாவின் சீப்பு, மாட்டுக் கொம்பில் செய்தது, இரண்டு பல் உடைந்தது. நீல நூல் கட்டியிருந்தது. பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தது. கண் மேலே போய்த் தேடியது.

"அம்மா, இதுக்கு என்னாமா பேரு?"

"சீப்பு" என்றாள் குணவதி.

பிள்ளை அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு போய்விட்டது. குணவதி அன்றைக்கு இரண்டு தடவை ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டாள்.

பனாஸ் வந்தது காலைப் பசியாறல் நேரத்தில். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, சட்டையில் குதிரை வாசனையோடு, வாசலில் குனிந்து நின்றான். மெலிந்திருந்தான். வரிசையில் அன்றைக்கு எல்லாருக்கும் வாசலில் வேலை இருந்தது. முத்தம்மை கல்லே இல்லாத அரிசியில் கல் பொறுக்கினாள். ஹாஜரா ஒரே இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

அவன் மண்டியிட்டு, மோத்ரியா என்றான். பிறகு மெதுவாக மூன்று நாலு வாக்கியம் சொன்னான். குணவதிக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. நான்தான், தாத்தோ. நீ எவ்வளவு வளர்ந்துவிட்டாய். என்னைத் தெரிகிறதா? தாத்தோ என்றால் அவர்கள் ஊரில் அப்பா.

பிள்ளை குணவதியின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. மறந்ததா, பயமா, அல்லது இந்த வீட்டில் அந்தப் பாஷை பேசக் கூடாது என்று தானாகவே தெரிந்துகொண்டதா, குணவதிக்கும் தெரியவில்லை. தலையை மட்டும் நீட்டித் தமிழில் கேட்டது.

"இவரு என்னா சொல்றாரு?"

அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அது விளங்கிவிட்டது. பிறகு எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். குணவதியைப் பார்த்துத் தலை குனிந்தான்; அதில் நன்றி இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. தொப்பியை வைத்துக்கொண்டு திரும்பினான். ஹாஜராவின் துடைப்பம் நின்றது. ஒன்பது வீடும் மூச்சை விட்டது. ஜெயித்தாகிவிட்டது. இன்னும் பத்து அடி. அவன் வேலியைத் தாண்டிவிடுவான்.

"ஹொவொரி ஸ்நேயு" என்றாள் குணவதி.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவன் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரும்பினான், ஆனால் அவளைப் பார்க்கவில்லை. முதலில் அவள் பக்கத்தில், அப்புறம் அவள் பின்னால், வேறு யாரையோ தேடுகிறவன் மாதிரி பார்த்தான். அந்த வார்த்தையை எந்த இழுப்போடு யார் சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். மறுபடியும் சொல் என்பது போல நின்றான். குணவதி மறுபடியும் சொன்னாள். அவளோடு பேசு.

அவன் வீட்டுக்குள் வந்து தரையில் உட்கார்ந்தான். என்ன பேசுவது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தான். அப்போதுதான் நூல்களைக் கவனித்தான். வாளியின் வெள்ளை, கரண்டியின் சிவப்பு, மேஜைக் காலின் நீலம். முதலில் புருவம் சுருங்கியது, பிறகு மெல்ல விரிந்தது. வாளிப் பிடியைத் தொட்டு, பிள்ளையைப் பார்க்காமல், தனக்குத் தானே சொல்வது போல, என் வாளி என்றான், ஆணைச் சொல்கிறபடி, வேண்டுமென்றே தப்பாக.

சேலைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. "மொயே" என்றது பிள்ளை. "மொயே விட்ரோ."

அவன் மேஜையைத் தொட்டு அதையும் தப்பாகச் சொன்னான். பிள்ளை நெற்றியில் அடித்துக்கொண்டு வெளியே வந்தது. கரண்டி, விளக்கு, துடைப்பம், ஜன்னல் என்று இருவரும் தவழ்ந்துகொண்டே வீட்டைச் சுற்றினார்கள். ஒவ்வொரு நூலிலும் ஒரு சொல் இருந்தது. சொல் வந்ததும் அதன் பின்னால் இன்னும் இரண்டு வந்தன. அம்மியின் முன்னால் அவன் திருதிருவென்று விழித்தபோது, அவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று பிள்ளை பெருமையோடு சொல்லிக் கொடுத்தது. வாசலில் கூடியிருந்த கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. நூல் கட்டைத் தொட்டுத் தொட்டே உடைக்கிறான், பெரிய மந்திரவாதியாக இருப்பான் என்று முத்தம்மை கிசுகிசுத்தாள். குணவதி அடுப்பங்கரை நிலையில் சாய்ந்து நின்று, தன் தையல் பெட்டி நூல் துண்டுகளைப் பிடித்துக்கொண்டே பிள்ளை அவனிடம் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் சீப்பு. பிள்ளை அதை எடுத்ததும் அவன் முகம் மாறிவிட்டது. பிள்ளை பேரைத் தேடியது, கிடைக்கவில்லை. அவனுக்கு வாய் வரவில்லை. இரண்டு பேரும் அந்தச் சீப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஹ்ரெபின்" என்றாள் குணவதி நிலையிலிருந்து. "அவன்."

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் வரிசை வேறு விதமாக அர்த்தம் பண்ணிக்கொண்டது. அவன் எழுந்து வந்து குணவதியின் கையை எடுத்து, எல்லார் கண்ணுக்கும் முன்னால் முத்தம் கொடுத்தான். ஹாஜரா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். அன்று மாலைக்குள் வரிசை கல்யாணத் தேதி வரைக்கும் போய்விட்டது, மதம்தான் இடித்தது. குணவதியும் அதை நினைக்காமல் இல்லை. ஒரு பித்தான் தைக்கிற நேரம் நினைத்தாள், பிறகு நூலைக் கடித்துத் துப்பினாள். அவன் கண்ணில் அவள் அவளாகத் தெரியவே இல்லை என்பது அந்த முத்தத்திலேயே விளங்கிவிட்டது. வேறொருத்தியின் வார்த்தைகளைப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்த பெட்டி அவள்.

நாலு நாள் ஆட்டம். நாலு நாளும் பிள்ளை பகலில் லாயத்துக்குப் போய்க் குதிரைகளைப் பற்றிய புதுச் சொற்களோடு திரும்பி வந்தது. முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது; அதை நாக்கால் தள்ளித் தள்ளிப் பேசியது. ஹாஜரா முதல் இரண்டு நாள் குணவதியோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அடை சுட்டுக்கொண்டு வந்து வைத்தாள்.

"ஏன்டி வாயத் தொறந்தே?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்க நினைத்துத்தான் ஆரம்பித்தாள்.

"அவ என்கிட்ட கேட்டா அக்கா" என்றாள் குணவதி. "அன்னிக்குப் புரியல."

யார் என்று ஹாஜரா கேட்கவில்லை. அந்த வரிசையில் அவள் கேட்காமல் விட்ட கேள்விகளில் இது ஒன்றுதான் உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டாம் என்று விட்டது.

படகுத்துறையில் காலை வெயில் சுள்ளென்று அடித்தது. குதிரைகளைப் படகில் ஏற்றுகிற கூச்சல். மோத்ரியாவுக்குக் குணவதி தைத்துக் கொடுத்த புதுக் கவுன். எட்டுக் காஜா, எட்டும் நேர். பிள்ளைக்கு இன்னும் விளங்கவில்லை. ஆட்டம் பார்க்கப் போய்விட்டுச் சாயங்காலம் வருகிற மாதிரிதான் நின்றது. கரும்புத் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று வாயைப் பொத்தியது, கையைத் திறந்து பார்த்தது. பல். கொஞ்சம் ரத்தம். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் குணவதியைப் பார்த்தது. பனாஸ் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். படகில் மணி அடித்துவிட்டது.

பிள்ளை அவன் தோளுக்கு மேலே குனிந்து பல்லைக் குணவதியின் உள்ளங்கையில் வைத்தது.

"அம்மா, இத வூட்ல வெச்சி கட்டிடு."

எந்த நூல் என்று குணவதி கேட்டாள். தமிழில் கேட்டாளா அந்தப் பாஷையில் கேட்டாளா என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. விசில் ஊதியது. தோள் நகர்ந்துவிட்டது. படகு கப்பலை நோக்கிப் பாதி தூரம் போன பிறகுதான் பிள்ளை அழ ஆரம்பித்தது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்தது எந்தப் பாஷை என்று யாராலும் சொல்ல முடியாது.

பல்லை முந்தானையில் முடிந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தபோது மத்தியானம். ஹாஜரா கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள். வெளியே சொல்லாவிட்டாலும் அவள் கண் நூல்களின் மேலேயே இருந்தது. அவ்வளவு கட்டியும் பலிக்கவில்லையே என்ற குறை. குணவதி முடிச்சை அவிழ்த்துத் தையல் பெட்டி மூடியில் வைத்ததைக் குனிந்து பார்த்தாள்.

"பால் பல்லு. கூரை மேல வீசிடு லா. கிழக்கப் பாத்து வீசு. அங்க அதுக்கு நல்ல பல்லா மொளைக்கும்" என்றாள். சற்று நின்று பார்த்தாள். எதுவும் இரவல் கேட்காமல் போனாள்.

குணவதி தையல் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. வாளியில், கரண்டியில், ஜன்னல் கம்பியில் நூல் நுனிகள் ஆடின. பல் பெட்டி மூடியின் மேல் கிடந்தது, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, அடியில் சிவப்பு போகாமல். அவள் நீலத்தில் ஒரு துண்டு வெட்டினாள். சிவப்பில் ஒன்று. வெள்ளையில் ஒன்று. மூன்றையும் முழங்காலின் மேல் பக்கம் பக்கமாக வைத்து, காற்றில் பறந்துவிடாமல் ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தாள்.